தலைமாட்டு ஸ்விட்ச்

கழற்றுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கட்டில் தலைமாட்டு ஸ்விட்சை அழுத்தினான் மணிபாரதி. அடுக்களையில் மணி அடிக்கவில்லை.

மறுபடி அழுத்தினான். மீட்டரை வைத்தான். பேட்டரி சரி. ஒயர் சரி. நேராகக் கரண்ட் கொடுத்தால் மணி அலறியது.

மிச்சம் அந்த ஆப்டோ ஒன்றுதான்.

படுக்கையில் கிடந்த அப்பாவுக்காக அவனே செய்த பெட்டி. வீட்டுக் கரண்ட் கட்டில் பக்கம் வரக்கூடாது, அவர் கூப்பிடுவது மட்டும் போய்ச் சேர வேண்டும். அதற்குத்தான் ஆப்டோ. அழுத்தினால் அதன் வயிற்றுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம் எரியும். எதிர்ப்பக்கம் அதைக் கண்டுகொண்டு மணியை அடிக்கும்.

எரிய எரிய அந்த வெளிச்சம் மங்கும். தொழிலில் இருப்பவனுக்குத் தெரியாததல்ல. இறால் பண்ணை போர்டு ஒன்றில் வருஷக்கணக்காக எரிந்ததைக் கழற்றி, நன்றாகத்தானே இருக்கிறது என்று போட்டிருந்தான்.

மாசியில் ஒரு மத்தியானம் அப்பா மூச்சடைத்துப் போனார். அவன் மண்டபத்தூரில் வேலையாக இருந்தான். மணி அடித்திருக்கும், நான்தான் அசந்து தூங்கிவிட்டேன் என்றாள் தாமரைச்செல்வி. அன்றிலிருந்து மனைவியின் முகம் பார்த்து அவன் பேசவில்லை.

இடுப்பு முறிந்த அம்மா நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து இதே கட்டிலுக்கு வருகிறாள். பழசு வேண்டாம், டிஜிட்டலில் என்னவோ வந்திருக்கிறது என்பீர்களே, அதைப் போடுங்கள் என்று நேற்று தாமரைச்செல்வியாகத்தான் கேட்டாள்.

“அடிச்சா மட்டும் எழுந்து வந்துடப் போறியா?” என்று கேட்டிருந்தான்.

ஆப்டோவைக் கழற்றிவிட்டு டிஜிட்டல் ஐசொலேட்டரைப் பற்றவைத்தான். இதில் வெளிச்சமே கிடையாது, மங்குவதற்கும் ஒன்றுமில்லை. இரண்டு முறை விரலைச் சுட்டுக்கொண்டான்.

அழுத்தினான்.

மணி அடித்தது. அடித்து ஓய்வதற்குள் ஈரக்கையோடு ஓடிவந்து, வெறுங்கட்டிலின் முன் நின்றாள் தாமரைச்செல்வி.

“அன்னிக்கு மணி அடிக்கவே இல்ல, செல்வி.”

அவள் திடுக்கிடவில்லை. மெத்தையில் கிடந்த பழைய ஆப்டோவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“தெரியும். மாமாவ எடுத்துட்டுப் போனப்புறம் அழுத்திப் பார்த்தேன்,” என்றாள். “நீங்க பார்த்துப் பார்த்துச் செஞ்சது. எப்படிங்க சொல்வேன்?”