லோரி ஃபில்டர்

காஜா பெராங்கில் குடியிருந்த மெக்கானிக் பொன்னுதுரைக்குத் தன் முதலாளி சொக்கப்பன்மேல் மருந்துக்கும் மதிப்புக் கிடையாது. சுதந்திரம் கிடைத்த மெர்டேக்கா வருஷம் அந்த மனிதர் ஒரு குட்டி விமானம் வாங்கினார். கொண்டாட்டத்தன்று ஊருக்கு மேலே பறந்து காட்ட வேண்டுமாம். விமானத்தின் பெட்ரோல் ஃபில்டர் பழுதானதும், மலிவென்று ஒரு பழைய லோரி ஃபில்டரைக் கொண்டுவந்து நீட்டினார்.

“இது அடைச்சுக்கிட்டா லோரிய ஓரமா நிறுத்தலாம். ஆகாசத்துல எங்க நிறுத்துவீங்க?” என்றான் பொன்னுதுரை.

“வேலையப் பாருலா. உன் வாய்க்கா சம்பளம் கொடுக்கிறேன்?”

முட்டாளிடம் பேசிப் பயனில்லை என்று அவன் அதையே விமானத்தில் மாட்டிக் கொடுத்தான்.

பத்து பெரெண்டாம் விமானத் திடலிலிருந்து சொக்கப்பன் ஓட்டிக் கிளம்பிய விமானம் கடல் பக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் சத்தம் பட்டென்று அறுந்தது. பொன்னுதுரை திடலிலேயே காத்துக் கிடந்தான். பெட்ரோல் தீர்ந்திருக்க வேண்டிய நேரம் எப்போதோ கடந்துபோன பிறகு, சாயங்காலம் விமானம் சத்தமில்லாமல் வந்து இறங்கியது.

சொக்கப்பன் கசங்காத சட்டையோடு வெளியே வந்தார். “பாத்தியா? நல்ல ஃபில்டர்தான்.”

பொன்னுதுரை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஃபில்டரின் கண்ணாடிக் குடுவையைக் கழற்றினான். உள்ளே ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை. கலங்கிய கடல் தண்ணீரில் பொடி இறால்கள் உயிரோடு நீந்தின.

“கொட்டிடாத,” என்றார் சொக்கப்பன் அமைதியாக. “நாளைக்குக் கடலுக்குத் திரும்பிப் போக அது வேணும்.”

பொன்னுதுரை ஒரு துளியும் சிந்தாமல் குடுவையை மறுபடி மாட்டினான்.