கழற்றிப் போட்ட சைலன்சர்

டிராக்டர் சத்தம் ஊருக்கே கேட்டால்தான் நாலு பேர் உழவுக்குக் கூப்பிடுவார்கள் என்று சவரிமுத்து பதினோரு வருடமாகச் சைலன்சரைக் கழற்றிப் போட்டிருந்தான். உழுதுவிட்டு வந்தால் படுக்கும்வரை காது அடைத்தே கிடக்கும். அந்த நேரத்தில்தான் அவன் மனைவி அருளாயி அடுப்பைப் பார்த்தபடி அவனைத் திட்டித் தீர்ப்பாள். காதில் விழாது என்கிற தைரியம்.

“போனது வராது, இருக்கறதையாவது காப்பாத்திக்கப்பா” என்று காது டாக்டர் சொன்னதில் பயந்து, அன்றைக்குச் சைலன்சரை மாட்டி, காதுமூடியும் போட்டுக்கொண்டு உழுதான். அப்படியும் நாளைய உழவுக்கு ஒருவர் வரப்பில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் தட்டின் முன் உட்கார்ந்தான்.

“எருமைக்கு நேரத்துக்குத் தோசை மட்டும் வந்துடணும்” என்று அருளாயி முணுமுணுத்தாள்.

“எருமைக்கு அந்த முறுகல் தோசையப் போடு.”

கல்லில் பாதி வட்டத்தில் கரண்டி நின்றது.

“கேக்குதா உங்களுக்கு?”

“இன்னைக்குக் கேக்குது.”

அவள் திரும்பவில்லை. வட்டத்தை முடித்துவிட்டு, முன்னைவிட மெல்ல, தோசைக்கு மட்டும் கேட்கும்படி, திட்டில் சேராத வேறொன்று சொன்னாள்.

சவரிமுத்துவுக்கு வெட்கமாகப் போய்விட்டது.