சாவி நுழைந்த விரிசல்

வீட்டைச் சோதிக்க வந்த இன்ஜினியர், படுக்கையறைச் சுவரின் விரிசலுக்குள் தன் பைக் சாவியை நுழைத்தார். பாதி உள்ளே போய்விட்டது.

"அஸ்திவாரமே இறங்குது சார். சல்லிசா வருதேன்னு வாங்கிடாதீங்க. உங்க தலையில கட்டப் பார்க்கிறாங்க."

"பூசினா சரியாகாதா?" என்றாள் மனைவி.

"பூசி மறைச்சதுதாம்மா இப்படிப் பிளந்திருக்கு. பெருமழைக்குத் தாங்காது. வீட்டுக்காரங்க வெளிய போயிருக்கும்போதே நழுவிடுங்க."

கணவன் ஜன்னல் வழியே இருண்ட வானத்தைப் பார்த்தான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவள் விடுவிடுவென்று போய் வாளியைக் கொண்டுவந்து, கட்டிலருகே வைத்தாள். இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார். கூரை இன்னும் ஒழுகவில்லை.

சற்று நேரத்தில் முதல் சொட்டு சரியாக வாளிக்குள் விழுந்தது.

"வாங்கும்போதே உங்களைக் கூட்டிட்டு வந்திருக்கணும் சார்," என்றான் கணவன்.