குழியின் மறுபாதி

தூரிகையின் கீழே மண் கெட்டிப்பட்டது.

கன்னிமண். மனிதக் கை படாத மண். இதற்குக் கீழே தேட ஒன்றுமில்லை.

ஆனாலும் அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

குழியின் இடப்பக்கம் ஓர் ஆண் ஒருக்களித்துப் படுத்திருந்தான். இரண்டாயிரம் வருடத்துக்குப் பிறகும் ஒரு பல்கூட உதிராமல், முகத்தை வலப்பக்கம் திருப்பியபடி.

வலப்பக்கத்தில் ஒரு சிறு எலும்புகூட இல்லை.

ஒருவனுக்கு இவ்வளவு அகலமான குழி எதற்கு? தலைமாட்டில் இரண்டு கிண்ணங்கள், இரண்டு குவளைகள். காலியான பாதியில், ஒரு கை இருந்திருக்க வேண்டிய இடத்தில், அவனுக்குச் சேராத சின்னச் சங்கு வளையல்.

"துண்டு போட்டு எடம் பிடிச்சு வச்சிருக்காரு மனுஷன்," என்றார் மேலே நின்ற அகழாய்வு இயக்குநர். "அந்தம்மா பஸ்ஸைக் கோட்டை விட்டுட்டாங்க போல."

எல்லோரும் சிரித்தார்கள், புகைப்படக்காரனைத் தவிர. அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருந்தான் அவன். 'தோண்டி முடிக்கறதுக்குள்ள சொன்னா போதும்' என்றும் சொல்லியிருந்தான். இன்று கடைசி நாள். கூடாரங்களைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

காலையிலிருந்து அந்தப் பெண் மீது அவளுக்குக் கோபமாக இருந்தது. இத்தனை ஆசையாக இடம் வைத்தவனிடம் வராமல் இருக்க எப்படி மனசு வந்தது?

வளையலின் மேலிருந்த மண்ணை மெல்ல ஊதினாள். உள்விளிம்பு தேய்ந்து பளபளத்தது. ரொம்ப நாள் போட்டிருந்து, கழற்றிக் கொடுத்த வளையல்.

"வேற பஸ் ஏறிப் போயிருப்பாங்க சார்," என்றாள்.

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது.

புகைப்படக்காரன் கேமராவோடு குழிக்குள் இறங்கினான்.

"இந்தப் பக்கத்தையும் எடுங்க."

"அங்கதான் ஒண்ணுமே இல்லையே?"

"அதைத்தான் எடுக்கச் சொல்றேன்." பிறகு, தூரிகையைத் தட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை என்கூட ஒரு எடத்துக்கு வாங்க. ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு, அப்புறம் தேதி பார்க்கலாம்."

அவன் கேமராவைக் காலியான பாதியின் பக்கம் திருப்பினான்.

அவள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில், வேலியோரமாக, அகலமாக ஒரு கல் இருக்கிறது. இடது பாதியில் அவள் கணவனின் பெயர், பிறந்த வருடம், இறந்த வருடம்.

வலது பாதியில், 'என் மருமக தனியா கெடக்கக் கூடாது' என்று அழுதுகொண்டே மாமியார் பொறிக்க வைத்த அவளுடைய பெயர். அவள் பிறந்த வருடம். பக்கத்தில் ஒரு சின்னக் கோடு.

அதற்கப்புறம் உளி படாத கல்.