முக்கால் டப்பா

மூட்டுவலிப் பவுடரைவிடப் பெரிய மோசடி மனித வரலாற்றிலேயே நடந்ததில்லை என்று ஆடிட்டர் தீர்ப்பளித்தபோது, அவர் கையில் பால் பவுடர் பாக்கெட் இருந்தது. சமையலறையில் வேறு யாருமில்லை. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள்.

மச்சினன் ஏஜென்சி எடுத்து, அக்காவின் முழங்காலுக்கென்று கொண்டுவந்து தந்த டப்பா அது. உள்ளே இருந்ததை ஆடிட்டர் சிங்க்கில் கொட்டினார். அதே அளவு பால் பவுடரை நிரப்பி மூடினார். எத்தனையோ கம்பெனிகளின் கள்ளக் கையிருப்பைக் கண்டுபிடித்த கை. ஒரு சிட்டிகைகூட வெளியே சிந்தவில்லை.

சில வாரங்களில் மனைவி கைப்பிடியைத் தொடாமலே மாடி ஏறினாள்.

"கால் காத்தா இருக்குங்க. டப்பாவுல ஏதோ இருக்கு!"

"இருக்கும், இருக்கும்" என்றார் ஆடிட்டர், சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு.

உண்மையைப் போட்டு உடைக்க ஒரு ஞாயிறு மதியம் மச்சினனைச் சாப்பிட அழைத்தார். காலையில் அவனே போன் செய்தான்.

"மாமா, டப்பா எப்பவோ தீந்திருக்குமே. புதுசு எடுத்துட்டு வரவா?"

"வேண்டாம் மாப்ளே. இன்னும் முக்கால் டப்பா கிடக்கு."

"அதெப்படி மாமா? ஒரு மாசத்துக்குத்தானே வரும்?"

"உன் சரக்கு அவ்வளவு ஒஸ்தி!" என்று போனை வைத்தார். விருந்தில் பேசவேண்டியதை மனசுக்குள் இன்னொரு தடவை ஒத்திகை பார்த்தார்.

அன்று பார்த்து லிஃப்ட் மக்கர் செய்தது. கடையிலிருந்து வந்து, அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறியவருக்கு மூன்றாவது மாடியில் முழங்கால் 'படக்' என்றது. காய்கறிப் பையோடு பின்னால் வந்த மனைவி மூட்டையையும் வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிப்போனாள்.

"மெதுவா வாங்க. வயசாகுதுல்ல?"

வீட்டுக்குள் நுழைந்தவருக்குக் காலை ஊன்ற முடியவில்லை. மச்சினன் வருகிற நேரம். நொண்டிக்கொண்டு கதவைத் திறந்தால் போச்சு; அந்தப் பயல் வாயெல்லாம் பல்லாக இன்னொரு டப்பாவை நீட்டுவான். பேச நினைத்ததெல்லாம் பாழ்.

மனைவி பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஆடிட்டர் சுவரைப் பிடித்தபடி சமையலறைக்குப் போனார். அலமாரியில் டப்பா இருந்தது. அதில் இருப்பது என்னவென்று உலகத்திலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அவள் மூட்டையோடு மாடி ஏறியதைக் கண்ணால் பார்த்ததும் அவர்தானே?

அக்கம்பக்கம் பார்த்தார். இரண்டு ஸ்பூன் அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். அது கரையாமல் மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. முழி பிதுங்கியது.

பின்னாலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் நீண்டது.

"நீங்க போட்ட பால் பவுடர் போன மாசமே தீந்துபோச்சுங்க. நிறுத்தினா வலி வந்துடுமோன்னு பயந்து, நான்தான் மைதா போட்டு வச்சிருக்கேன்."