மண்டு கேட்ட சந்தேகம்

‘மந்த வாயுன்னா வயித்துல வர்றதா டீச்சர்? அதுக்கு மருந்து உண்டா?’

திரையில் கேள்வி வந்ததும் எட்டாம் வகுப்பு மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. கேட்டவர் பெயர் என்ற இடத்தில் ‘மண்டு’ என்று இருந்தது.

ஹீலியம், நியான் பற்றிய பாடத்தில் இப்படி ஒரு கேள்வியா என்று அறிவியல் டீச்சருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அந்த நேரம் பார்த்தா தலைமையாசிரியை கம்ப்யூட்டர் அறை வாசலில் வந்து நிற்க வேண்டும்?

“இதுக்குத்தான் பாட நேரத்துல கம்ப்யூட்டரா?” வராந்தாவுக்கு அழைத்துக் கேட்டார்.

“புரியாத வார்த்தைக்கு அர்த்தம் கேக்க பிள்ளைங்க கூச்சப்படுறாங்க மேடம். இது இலவச வெப்சைட். சொந்தப் பேர் போட வேண்டாம், புனைபேர்ல கேக்கலாம். நான் அங்கேயே பதில் எழுதிடுவேன்.”

“பேர் தெரியாதுங்கிற தைரியத்துலதான் உங்களையே கேலி பண்றாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்த மண்டு யாருன்னு கண்டுபிடிங்க. இல்லேன்னா இதை மூடிடுங்க.”

டீச்சர் வகுப்புக்குத் திரும்பி நடந்தாள். ‘சொல் சுவர்’ என்று பெயர் வைத்து, ஆசை ஆசையாய் ஆரம்பித்தது. முதல் மூன்று நாள் ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. இப்போது கடைசி பெஞ்ச் வரைக்கும் கேள்வி கேட்கிறது. அத்தனையும் ஒரு மண்டுவால் பாழாகப் போகிறது.

“மண்டு யாரு? நீங்களே சொல்லிட்டா திட்ட மாட்டேன்.”

யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு பெண் மட்டும் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினாள்.

“நான் இல்லை டீச்சர். ஆனா மண்டுவை ஒண்ணும் பண்ணாதீங்க. அது கேக்கறதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தைரியமே வந்துச்சு. அதைவிட மட்டமாவா நாம கேட்டுடப் போறோம்னு.”

வகுப்பு மறுபடி சிரித்தது. டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கணவரிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் டெய்லர். வீட்டு முன்னறைதான் கடை.

“என்ன கொழுப்பு பாருங்க. கையில கிடைக்கட்டும், அப்புறம் இருக்கு.”

“பாவம், தெரியாம கேட்டிருக்கும். விடேன்.” ஊசியில் நூல் கோப்பதிலேயே கண்ணாக இருந்தார்.

“எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு இதுகூடவா தெரியாது? திமிருங்க, திமிர்.”

அவர் மெஷினை ஓட்ட ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை காலை தேர்வு. கம்ப்யூட்டர் அறை பூட்டிக் கிடந்தது. நாற்பது பிள்ளைகளும் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தபோது டீச்சரின் செல்போன் அதிர்ந்தது.

‘தனிமம்னா தனியா இருக்கிறதா டீச்சர்?’

மண்டுதான்.

டீச்சர் வகுப்பை ஒருமுறை பார்த்தாள். நாற்பது கையிலும் பேனா. அப்படியானால் மண்டு இந்த வகுப்பிலேயே இல்லை. சொல் சுவருக்குள் நுழைய ஒரு கோட் எண் போட வேண்டும்; அது வெளியில் யாருக்குத் தெரியும்? ஆரம்பித்த அன்று பெருமை பிடிபடாமல் ஒரே ஒருவருடைய போனில்தான் அதைத் திறந்து காட்டியிருந்தாள்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது தையல் மெஷின் ஓடவில்லை. துணி வெட்டும் மேசையில் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகம் விரிந்து கிடந்தது. புரியாத சொற்களைச் சுற்றி டெய்லர் சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தது. அவளைக் கண்டதும் அவர் அவசரமாக ஒரு ஜாக்கெட் துணியை எடுத்து மேலே போட்டார்.

“நீங்களா?”

“மூணு நாளா ஒரு பிள்ளைகூட கேக்கலன்னு நீ சாப்பிடாம உக்காந்திருந்தே. யாராவது ஒரு மண்டு ஆரம்பிச்சு வச்சா மத்தவங்க தானா வருவாங்கன்னு தோணுச்சு.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனிதரை எதிரே உட்கார வைத்துக்கொண்டே எத்தனை திட்டு திட்டியிருக்கிறாள்.

“கண்டபடி பேசிட்டேங்க. இன்னிக்கு நாற்பது பிள்ளைங்க கேள்வி கேக்குதுன்னா அது உங்களாலதான். இதை எந்த ஜென்மத்துலயும் மறக்க மாட்டேன்.”

“மேடம்கிட்ட நான் வந்து சொல்லட்டுமா?”

“நானே சொல்லிக்கிறேன். எங்க பிள்ளைங்க யாரும் கேலி பண்ணலன்னு தெரிஞ்சா அவங்களுக்கு அது போதும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “ஆனா இனிமே நீங்க எனக்காகத் தெரியாத மாதிரி நடிக்க வேண்டாங்க. பிள்ளைங்க அவங்களாவே கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.”

அவர் தலையைச் சொறிந்தார்.

“முதல் கேள்வி மட்டும்தான் நடிப்பு. நான் அஞ்சாவதோட நின்னவன்தானே... அதுக்கப்புறம் கேட்டதெல்லாம் நிஜமாவே தெரியாமத்தான் கேட்டேன்.”