பிஸ்கட் டப்பாவில் ஒரு காதல்

அவரவர் காதலை அவரவர் போனே பேசி முடிக்கிற காலத்திலும், பிசிக்ஸ் சார் டியூஷனில் போனை அனுமதிப்பதில்லை. எல்லாவற்றையும் வாங்கி ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிடுவார்.

வகுப்பு முடிந்து போனைக் கையில் வாங்கிய பிறகுதான், தனக்கு ஒரு காதல் வந்து அது முறிந்தும் போயிருப்பது நேத்ராவுக்குத் தெரிந்தது. டப்பாவுக்குள் அஸ்வந்தின் போன் காதலைச் சொல்ல, அவள் போன் சம்மதித்திருந்தது. ஐந்தே நிமிடத்தில் நிதிலனின் போனுக்கும் சம்மதித்திருந்தது. மீதி நேரம் முழுக்க மூன்று போன்களும் சண்டை போட்டிருந்தன.

சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு பையன்கள் அவளை மறித்தார்கள்.

"ரெண்டு பேருக்கும் எப்படி ஓகே சொன்ன?" என்றான் கண்ணாடி போட்டவன்.

"நான் எங்க சொன்னேன்? போன்தான் சொல்லுச்சு. யார் மனசும் நோகக்கூடாதுன்னு செட் பண்ணி வெச்சிருக்கேன்."

"என் போன் ஒரு மணி நேரம் அழுதிருக்கு," என்றான் மற்றவன். "சார்ஜ் மூணு பர்சென்ட்தான் இருக்கு. அதுக்கு யாரு பொறுப்பு?"

"எல்லாம் இவன் போனாலதான்," என்றான் கண்ணாடி போட்டவன்.

நேத்ராவுக்குக் கண் கலங்கியது. இதற்காவது தன் வாயாலேயே மன்னிப்பு கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தாள்.

"சாரி," என்றாள். "உங்கள்ல அஸ்வந்த் யாரு?"